டிரான்ஸ்மிட் செய்தால் கேட் அறுபடுகிறதா? கோளாறைப் பிரித்துப் பிடிக்கும் முறை

அமெச்சூர் வானொலியில் ரிக்கை (டிரான்ஸீவரை) கணினி கட்டுப்படுத்தும் இணைப்புதான் கேட். அதோடு எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை ஓடிக்கொண்டிருக்கும். ரிசீவ் சுற்றில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். டிரான்ஸ்மிட் ஆன இரண்டாவது நொடியில், யூஎஸ்பி கழன்று மறுபடி மாட்டிக்கொள்ளும் அந்த இரட்டைச் சத்தம் கணினியில் கேட்கும். ஹாம்லிப் (ரிக்கோடு பேசும் நிரல் நூலகம்) பிழை என்று ஒரு பெட்டி திரையில் வந்து நிற்கும். ரிக் டிரான்ஸ்மிட்டிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். பலரும் இந்த இடத்தில் டிரைவரை அழித்து மறுபடி ஏற்றுவார்கள், மென்பொருளை மாற்றுவார்கள், யூஎஸ்பி கேபிளில் கிளிப்-ஆன் ஃபெரைட் (ரேடியோ அலை மின்னோட்டத்தைத் தடுக்கும் காந்தப்பொருள்) ஒன்றையும் கவ்வவிடுவார்கள். மூன்றையும் ஒரே மூச்சில் செய்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

கேட் அறுபடுவது இரண்டு நோய்களுக்குப் பொதுவான காய்ச்சல். ஒன்று, தரவு இணைப்பே பலவீனமாக இருப்பது: தவறான போர்ட், பாட் ரேட் (தரவு வேகம்), டிரைவர், மின்சேமிப்பு அமைப்பு. இன்னொன்று, ஆர்எஃப், அதாவது டிரான்ஸ்மிட்டின் ரேடியோ அலை மின்னோட்டம், கேபிள் வழியாகக் கணினிக்குள் நுழைவது. இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் எதையும் மாற்றும் முன் மூன்று நிலைகளில் சோதியுங்கள். முதலில், டிரான்ஸ்மிட் செய்யாமல் அரை மணி நேரம் கேட் இணைப்பை ஓடவிடுங்கள். அடுத்து, டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வெப்பமாக்கும் மின்தடையில்) முழுப் பவர். கடைசியாக ஆன்டெனா, 5 வாட்டில் தொடங்கி மேலே. எந்த நிலையில் முதலில் அறுகிறதோ அந்த நிலையைச் சரிசெய்யாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

தொடங்கும் முன் ரிக்கின் மெனுவில் டிஓடி எனப்படும் டைம்-அவுட் டைமரை 3 நிமிடத்துக்கு வைத்துவிடுங்கள். எஃப்டி8 மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸிலும் வாட்ச்டாக் (தானே நிறுத்தும் டைமர்) உண்டு. ஆனால் யூஎஸ்பி செத்துப் போன பிறகு ‘டிரான்ஸ்மிட்டை நிறுத்து’ என்ற கட்டளை ரிக்கைப் போய்ச் சேராது. அந்த நேரத்தில் ஃபைனல் டிரான்சிஸ்டர்களைக் காப்பாற்றுவது ரிக்குக்குள்ளேயே இருக்கும் டைமர்தான்.

டிரான்ஸ்மிட் இல்லாமலே அறுகிறது என்றால்

இதில் ஆர்எஃப்புக்குப் பங்கில்லை. ஃபெரைட்டை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து கேபிளை உருவி மாட்டிப் பாருங்கள். எந்த காம் எண் மறைந்து திரும்ப வருகிறதோ அதுதான் உங்கள் போர்ட். யேசு எஃப்டி-991ஏ, எஃப்டிடிஎக்ஸ்10 போன்ற ரிக்குகள் இரண்டு போர்ட்களைக் காட்டும். ‘என்ஹான்ஸ்டு’ என்று இருப்பது கேட்டுக்கு, ‘ஸ்டாண்டர்டு’ என்று இருப்பது பிடிடி (டிரான்ஸ்மிட்டை இயக்கும் சமிக்ஞை), சிடபிள்யூ (மோர்ஸ்) கீயிங்குக்கு. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் எந்தப் பிழைச் செய்தியும் சொல்லாமல் ரிக் மௌனமாக இருக்கும். ஐகாம் ஐசி-7300 மாதிரி சிலிக்கான் லேப்ஸ் சிப் உள்ள ரிக்குகளுக்கு முதலில் டிரைவரை ஏற்றிவிட்டு, பிறகுதான் கேபிளை மாட்ட வேண்டும்.

தனி கேபிள் பயன்படுத்துபவர்கள் அதற்குள் இருக்கும் சிப்பைப் பாருங்கள். போலி ப்ரொலிஃபிக் பிஎல்2303 சிப்களைப் புதிய டிரைவர்கள் ஏற்க மறுத்து ‘கோட் 10’ காட்டும். பழைய டிரைவரைத் தேடி ஏற்றி ஓட்டலாம்தான், ஆனால் அடுத்த விண்டோஸ் அப்டேட்டில் அது மறுபடி மாறிவிடும். நல்ல எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிளுக்கு மாறுவதே நிம்மதி. இன்னொரு எச்சரிக்கை: ஆர்எஸ்-232 மின்னழுத்தமும் டிடிஎல் மின்னழுத்தமும் ஒன்றல்ல. முன்னது நேர்-எதிர் இரு திசையிலும் 3 முதல் 15 வோல்ட் வரை ஆடும். பின்னது 0 முதல் 5 வோல்ட். எஃப்டி-817, எஃப்டி-857-இன் 8 பின் சாக்கெட்டும் ஐகாமின் கேட் முறையான சிஐ-வியின் சாக்கெட்டும் டிடிஎல். அவற்றில் ஆர்எஸ்-232 கேபிளை நேரே சொருகினால் ரிக்கின் உள்ளே சேதமாகும்.

அரை மணி, ஒரு மணி கழித்து அறுவது பெரும்பாலும் மின்சேமிப்பால். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’டை நிறுத்துங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூஎஸ்பி ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும் மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். லினக்ஸில் போர்ட் திறக்கவில்லை என்றால் உங்கள் பயனர் ‘டயல்-அவுட்’ குழுவில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அதுவும் சரி, போர்ட் மட்டும் தோன்றி மறைகிறது என்றால், பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி சேவையான ‘பிஆர்எல்டிடிஒய்’ உங்கள் சீரியல் சிப்பைத் தன் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொண்டிருக்கலாம். சிஎச்340 கேபிள்களில் இது அடிக்கடி நடக்கிறது. அந்தச் சேவை உங்களுக்குத் தேவையில்லை என்றால் நீக்கிவிடலாம். மோடம் மேனேஜரும் புதிதாக மாட்டிய போர்ட்டை மோடம் என்று நினைத்துக் குடையும்.

ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரே மென்பொருள்தான் திறக்க முடியும். லாக் மென்பொருளும் எஃப்டி8 மென்பொருளும் இரண்டும் ரிக்கைக் கேட்டால், நடுவில் ஒரு தரகர் வேண்டும். எஃப்எல்ரிக், ஆம்னிரிக், அல்லது ஹாம்லிப்புடன் வரும் ரிக்சிடிஎல்டி இதற்காகவே இருக்கின்றன. எஃப்எல்ரிக் 12345 என்ற போர்ட்டிலும், ரிக்சிடிஎல்டி 4532 என்ற போர்ட்டிலும் மற்ற மென்பொருள்களுக்குக் காத்திருக்கும். சீரியல் கேபிளைத் தரகர் மட்டும் தொடட்டும், மற்றவை தரகரிடம் பேசட்டும்.

ரிக்கிடம் நேரடியாகக் கேட்பது

மென்பொருளின் பிழைச் செய்தியை மட்டும் நம்பி அலைவதைவிட, ஒரு சீரியல் டெர்மினலைத் திறந்து ரிக்கிடமே கேட்டுவிடலாம். ஐந்து நிமிட வேலை, பாதி சந்தேகம் தீரும்.

கென்வுட் ரிக்குகளும் புதிய யேசு ரிக்குகளும் எழுத்துகளில் பேசுபவை. ‘எஃப்ஏ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைப் போட்டு அரைப்புள்ளி வைத்து அனுப்புங்கள். 14.074 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் கென்வுட், அதே இரண்டு எழுத்துகளோடு 00014074000 என்று 11 இலக்கம் திருப்பித் தரும். புதிய யேசு 014074000 என்று 9 இலக்கம் தரும். கேள்விக்குறிகளும் கட்டங்களுமாகக் குப்பை வந்தால் பாட் ரேட் பொருந்தவில்லை. எதுவுமே வரவில்லை என்றால் போர்ட் தவறு, கேபிள் தவறு, அல்லது ஆர்டிஎஸ் என்ற சீரியல் கட்டுப்பாட்டுக் கோட்டின் கைகுலுக்கலுக்காக ரிக் காத்திருக்கிறது.

ஐகாம் பைட்டுகளில் பேசும். ஐசி-7300-இன் முகவரி 94, கணினியின் முகவரி இ0 (எல்லாம் ஹெக்ஸ் எண்கள்). அதிர்வெண் என்ன என்று கேட்க அனுப்ப வேண்டியது: எஃப்இ எஃப்இ 94 இ0 03 எஃப்டி. பதில்: எஃப்இ எஃப்இ இ0 94 03 00 40 07 14 00 எஃப்டி. நடுவிலுள்ள ஐந்து பைட்டுகளைப் பின்னாலிருந்து படித்தால் 00 14 07 40 00, அதாவது 14.074.000. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சிஐ-வி ஒரே கம்பியில் போகவும் வரவும் செய்வதால், நீங்கள் அனுப்பியதே எதிரொலியாகத் திரும்பி வரும். அதைப் பார்த்து ரிக் பேசிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. எதிரொலி மட்டும் வந்து பதில் வரவில்லை என்றால், இன்டர்ஃபேஸ் உயிரோடு இருக்கிறது, ரிக்குக்குத்தான் காதில் விழவில்லை: முகவரியோ பாட் ரேட்டோ தவறு. ஐசி-7300-இல் யூஎஸ்பி போர்ட்டை ‘ரிமோட்’ சாக்கெட்டிலிருந்து பிரித்து வைத்தால்தான் 115200 வேகம் கிடைக்கும்.

எஃப்டி-817, எஃப்டி-857, எஃப்டி-897 மூன்றும் ஐந்து ஐந்து பைட்டாகப் பேசுபவை. 00 00 00 00 03 என்று அனுப்பினால் 14.074-க்கு 01 40 74 00 என்றும், ஐந்தாவதாக மோடுக்கான பைட்டும் வரும். இவற்றுக்கு ஸ்டாப் பிட் 2 வைக்க வேண்டும். 1 வைத்தாலும் சில கட்டளைகள் போய்ச் சேர்வதால், எப்போதாவது மட்டும் தவறும் வினோதக் கோளாறாக இது தோன்றும். 857, 897-இல் அதே சாக்கெட் டியூனருக்கும் லீனியருக்கும் பொது என்பதால், மெனுவில் அதை ‘கேட்’ என்று மாற்றியிருக்க வேண்டும்.

மென்பொருளைத் திறந்த மறுகணமே ரிக் டிரான்ஸ்மிட் ஆவதும் இந்த நிலைக் கோளாறுதான். போர்ட் திறக்கும்போது பல மென்பொருள்கள் ஆர்டிஎஸ், டிடிஆர் கோடுகளை உயர்த்தும். ரிக்கில் யூஎஸ்பி சென்ட் (எந்தக் கோடு டிரான்ஸ்மிட்டை இயக்கும் என்ற மெனு அமைப்பு) அந்தக் கோடுகளில் ஒன்றுக்கு வைக்கப்பட்டிருந்தால் அதுவே பிடிடி. டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் இரண்டு கோடுகளையும் ‘லோ’ என்று கட்டாயப்படுத்தலாம். அதைவிட, பிடிடியைக் கேட் கட்டளை வழியாகவே கொடுத்து ரிக்கில் யூஎஸ்பி சென்டை அணைத்துவிடுவது மேல். கணினி பூட் ஆகும்போதும் இந்தக் கோடுகள் ஆடும் என்பதை மறக்க வேண்டாம்.

டம்மி லோடில் அறுகிறது என்றால்

நல்ல டம்மி லோடு வெளியே கதிர்வீசாது. அங்கேயே அறுகிறது என்றால் ஆர்எஃப் உங்கள் மேசையிலேயே கசிகிறது, அல்லது மின்சாரம் தள்ளாடுகிறது. ஜம்பர் கேபிளின் பிஎல்-259 கனெக்டர்களைத் திருகிப் பாருங்கள், ஷீல்டு சரியாகச் சால்டர் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 100 வாட் ரிக் முழுப் பவரில் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அப்போது ரிக்கின் டிசி சாக்கெட்டிலேயே மல்ட்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பவர் சப்ளையில் 13.8 காட்டும், ரிக்கில் 12.5-தான் இருக்கும், நடுவில் தளர்ந்த ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று சூடாகிக்கொண்டிருக்கும்.

லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டி அதே சோதனையைச் செய்யுங்கள். கோளாறு போய்விட்டால் சார்ஜர் கம்பிதான் பாதை. வெளிக்கருவிகள் நிறைய இருந்தால் மவுஸ், வெளி ஸ்பீக்கர், ஈதர்நெட் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். யூஎஸ்பி கேபிள் நீளம் 1 மீட்டர் போதும். ஹப் தேவையென்றால் தனி மின்சாரம் உள்ள உலோகப் பெட்டி ஹப்.

ஆன்டெனாவில் மட்டும் அறுகிறது என்றால்

பெரும்பாலான நிலையங்களில் வழக்கு இங்கேதான் முடியும். யூஎஸ்பி கேபிளில் ஃபெரைட் தேடுவதற்கு முன் ஆன்டெனாவைப் பாருங்கள், ஏனென்றால் ஊற்று அங்கே இருக்கிறது.

ஆன்டெனா கேபிளான கோஆக்ஸில் இரண்டு கடத்திகள் இருப்பதாக நினைக்கிறோம். ஆர்எஃப்புக்கு அவை மூன்று: நடுக்கம்பி, ஷீல்டின் உட்புறம், ஷீல்டின் வெளிப்புறம். டைபோலோ (இரு கைகள் உள்ள ஆன்டெனா) எண்ட்-ஃபெட்டோ (ஒரு முனையில் ஊட்டப்படும் கம்பி ஆன்டெனா) சமச்சீராக இல்லாதபோது, ஆன்டெனாவுக்குப் போக வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பங்கு ஷீல்டின் வெளிப்புறமாக இறங்கி ரிக்குக்கு வரும். ரிக்கின் பெட்டியிலிருந்து யூஎஸ்பி ஷீல்டுக்கு, அங்கிருந்து கணினிக்கு, சார்ஜர் கம்பி வழியாகச் சுவருக்கு. உங்கள் மேசையே ஆன்டெனாவின் மற்றொரு கை ஆகிவிடுகிறது. இதை காமன்-மோடு மின்னோட்டம் என்பார்கள். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) 1.2 என்று காட்டுவது இதற்கு எதிரான சான்று ஆகாது. கோஆக்ஸைக் கையால் பிடித்தால் எஸ்டபிள்யூஆர் முள் அசைகிறது என்றால் அது ஆதரவான சான்று. இந்தச் சோதனையை 5 வாட்டில் செய்யுங்கள், 100 வாட்டில் கையைச் சுட்டுவிடும்.

49:1 மின்மாற்றியோடு வரும் எண்ட்-ஃபெட் அரை அலை, ஆஃப்-சென்டர் டைபோல், 9:1 மின்மாற்றியோடு கட்டிய நீளக்கம்பி மூன்றும் இதில் முதல் குற்றவாளிகள். கவுண்டர்பாய்ஸ் (ஆன்டெனாவின் மறுபக்கமாக நிற்கும் கம்பி) இல்லாத எண்ட்-ஃபெட், கோஆக்ஸின் வெளிப்புறத்தையே கவுண்டர்பாய்ஸாக எடுத்துக்கொள்ளும்.

ஒரே ஒரு பேண்டில் மட்டும் அறுந்தால் நீளத்தைக் கணக்குப் போடுங்கள். கால் அலை நீளம் 7.1 மெகாஹெர்ட்ஸில் 10.6 மீட்டர், 14.1-இல் 5.3, 21.2-இல் 3.5, 28.5-இல் 2.6. ரிக்கிலிருந்து கணினி வழியாகச் சுவர் வரை போகும் கம்பிகளின் மொத்த நீளம் இவற்றில் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். உறுதிப்படுத்த, கோஆக்ஸில் 2 அல்லது 3 மீட்டர் துண்டு ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். கோளாறு அந்த பேண்டை விட்டு வேறு பேண்டுக்குத் தாவினால், காமன்-மோடுதான்.

பவரைக் குறைத்துப் பார்ப்பதும் பயனுள்ள சோதனை. ஆனால் 100-ஐ 50 ஆக்கிவிட்டு ஒன்றும் மாறவில்லை என்று விட்டுவிடாதீர்கள். மின்னோட்டம் பவரின் வர்க்கமூலத்தோடு போகிறது, அதைப் பாதியாக்க 25 வாட்டுக்கு இறங்க வேண்டும்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஒரு கிளிப்-ஆன் மீட்டர் செய்துகொள்ளலாம். 43 கலவை (ஃபெரைட்டின் வகை எண்) ஸ்னாப்-ஆன் ஃபெரைட்டில் மெல்லிய எனாமல் கம்பியை 10 சுற்று சுற்றுங்கள். அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு 51 ஓம் மின்தடை, அதைத் தொடர்ந்து ஒரு ஷாட்கி டயோடு, 10 நானோஃபாரட் கெபாசிட்டர், டிசி வோல்ட்டில் வைத்த மல்ட்டிமீட்டர். கோஆக்ஸின் மீது கவ்வவிட்டு 10 வாட் கேரியர் கொடுங்கள். இதில் எண்ணைவிட மாற்றம்தான் முக்கியம்: சோக் (கேபிளை ஃபெரைட்டில் சுற்றிச் செய்யும் ஆர்எஃப் தடை) போடும் முன் என்ன, போட்ட பின் என்ன, ரிக் பக்கம் என்ன, ஆன்டெனா பக்கம் என்ன. யூஎஸ்பி கேபிள் மீதும் கவ்வவிட்டால் எந்தக் கம்பி வழியாக ஆர்எஃப் ஓடுகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சோக் சுற்றுவது

முதல் சோக் ஆன்டெனாவின் ஃபீட் பாயின்ட்டில், அதாவது கோஆக்ஸ் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில். எச்எஃப்புக்கு (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) 31 கலவை வளையம், அளவு 240, அதாவது வெளிவிட்டம் 61 மில்லிமீட்டர். ஆர்ஜி-58 அல்லது ஆர்ஜி-400 கேபிளை 10 முதல் 12 சுற்று சுற்றினால் 80 முதல் 20 மீட்டர் பேண்ட் வரை சில ஆயிரம் ஓம் கிடைக்கும். வளையத்தின் துளை வழியாக ஒருமுறை போவதே ஒரு சுற்று, வெளிப்புறத்தில் எண்ணாதீர்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், உள்ளே போகும் முனையும் வெளியே வரும் முனையும் எதிரெதிராக விலகி இருக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் விட்டால் அவற்றுக்கிடையேயான கெபாசிட்டன்ஸே சோக்கைச் சுற்றிப் பாதை போட்டுவிடும். 15, 10 மீட்டருக்கு அதே காரணத்தால் 12 சுற்று அதிகம். 4 அல்லது 5 சுற்றாகக் குறைத்து, வளையங்களை இரண்டு மூன்றாக அடுக்குங்கள்.

சுற்றுகளின் வர்க்கத்தோடு மின்தடுப்பு ஏறுகிறது என்பதால்தான் ஒற்றைக் கிளிப்-ஆன் ஏமாற்றுகிறது. 31 கலவை ஸ்னாப்-ஆன் ஒன்றின் வழியாகக் கேபிள் ஒருமுறை போனால் 10 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் நூறு ஓம்தான் தேறும். பத்தை வரிசையாகக் கோத்தால் ஆயிரம். பெரிய வளையத்தில் பத்து சுற்று அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். எந்தக் கலவை என்று அச்சிடாத ஃபெரைட்டை வாங்காதீர்கள். பழைய பவர் சப்ளையிலிருந்து கழற்றிய மஞ்சள்-வெள்ளை வளையங்கள் இரும்புத் தூள், சோக்குக்கு அவை உதவாது.

எஃப்டி8-ஐப் பத்து நிமிடம் ஓட்டியபின் சோக்கைத் தொட்டுப் பாருங்கள், டிரான்ஸ்மிட்டை நிறுத்திவிட்டு. சூடாக இருந்தால் மின்தடுப்பு போதவில்லை என்று பொருள். சுற்றைக் கூட்டுங்கள், அல்லது இரண்டாவது சோக்கைச் சேருங்கள். எண்ட்-ஃபெட்டாக இருந்தால், மின்மாற்றியின் எர்த் முனையில் அலை நீளத்தின் இருபதில் ஒரு பங்கு நீளத்துக்குக் கவுண்டர்பாய்ஸ் கம்பி போடுங்கள். 40 மீட்டர் பேண்டுக்கு அது சுமார் 2 மீட்டர். சோக் அதற்குப் பிறகு.

இரண்டாவது சோக், கோஆக்ஸ் அறைக்குள் நுழையும் இடத்தில். இத்தனைக்கும் பிறகு மிச்சமிருந்தால்தான் யூஎஸ்பி கேபிள்: 31 கலவை வளையத்தில் 7 அல்லது 8 சுற்று, ரிக் பக்கமாக. யூஎஸ்பி தரவு இரட்டைக் கம்பியில் எதிரெதிராக ஓடுவதால் சோக் அதைத் தொடாது. பிறகு சார்ஜர் கம்பி. யூஎஸ்பி ஐசொலேட்டர் வாங்கலாமா என்றால், ஆடியோவில் வரும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஹம்முக்கு அது நல்ல மருந்து. ஆர்எஃப்புக்கு அரைகுறை, உள்ளே இருக்கும் கெபாசிட்டன்ஸ் வழியாக எச்எஃப் தாண்டிவிடும்.

மேசையிலுள்ள ரிக், பவர் சப்ளை, டியூனர், கணினியின் உலோகப் பெட்டி எல்லாவற்றையும் குட்டையான, அகலமான பட்டைகளால் ஒன்றோடொன்று பிணையுங்கள். பெட்டிகளுக்கிடையே ஆர்எஃப் அழுத்த வேறுபாடு குறைந்தால் கேபிளில் ஓட்டமும் குறையும். மாடியிலிருந்து தரைக்கு 10 மீட்டர் எர்த் கம்பி இழுப்பது மின்னலுக்கும் பாதுகாப்புக்கும் வேண்டும். ஆனால் 40 மீட்டர் பேண்டில் அது கால் அலை, ஆர்எஃப்புக்கு எர்த்தே இல்லாததற்குச் சமம். ஹம் போகிறது என்பதற்காகப் பவர் சப்ளையின் பாதுகாப்பு எர்த்தை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். உயிர் போகும்.

எதிர்த் திசையில்: கணினியிலிருந்து ரிசீவருக்கு

ரிசீவ் இரைச்சலுக்கும் அதே கம்பிகள், அதே பாதை, ஓட்டம் மட்டும் தலைகீழ். ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டி, எஸ்-மீட்டர் (சிக்னல் வலிமை) அளவைக் குறித்துக்கொண்டு, வீட்டின் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். இரைச்சல் விழுந்தால் அது வீட்டுக்குள் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டாக ஏற்றிப் பிடியுங்கள். வாட்டர்ஃபாலில் (சிக்னல்களை அதிர்வெண் வாரியாகக் காட்டும் திரையில்) சில பத்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் சமமாக நின்று, மெதுவாக நகரும் குழப்பமான கோடுகள் ஸ்விட்சிங் சப்ளையின் கையெழுத்து. எல்இடி விளக்கு, லேப்டாப் சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் எதுவானாலும் இருக்கலாம். 14.030 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அசையாமல் நிற்கும் ஒற்றைக் கோடு ஈதர்நெட்டிலிருந்து வருவது. கேபிளின் இரண்டு முனையிலும் சோக் போடுங்கள், ஒரு முனை போதாது, கேபிளின் இருபக்கக் கருவிகளும் அதற்குள் தள்ளுகின்றன.

கருவியைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன ஏஎம் ரேடியோ போதும்: நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, சுவரோரமாக நடந்தால் சத்தம் ஏறும் சாக்கெட்டைக் காட்டிவிடும். ஃபீட் பாயின்ட் சோக்கைப் போட்ட அன்றே ரிசீவ் இரைச்சல் ஒன்றிரண்டு எஸ்-யூனிட் இறங்குவது உண்டு. வீட்டுக் கம்பிகளின் இரைச்சலைக் கோஆக்ஸின் வெளிப்புறம் ஆன்டெனாவுக்குச் சுமந்துபோய்க்கொண்டிருந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.